நாற்பத்தெட்டுப் பைக்கற் சுரை விதை

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

போன கிழமை உங்களோடு அரைமணித்தியாலம் கதைக்கச் சொல்லி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வந்து கதைத்தேன். நீங்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆனால் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்த ஒன்றை அன்றைக்கு விழுங்கிவிட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "வீட்டுத் தோட்டத்துக்கு எந்த இன விதை நல்லது மிஸ்?" என்று கேட்டபோது அது தொண்டை வரைக்கும் வந்தது. சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

இடைவெளி, பசளை அளவு, நாற்றுமேடை எல்லாம் நீங்கள் படித்து வந்தவை. அவற்றுக்கு நான் தேவையில்லை. நான் சொல்ல இருப்பது மூன்று நாட்களைப் பற்றி. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் சந்தையில் சுரைக்காயைக் கண்டால் விலை கேட்காமல் தாண்டிப் போய்விடுவேன்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது நீர்வேலிப் பக்கத்துக்கு விவசாயப் போதனாசிரியை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வீடு சண்டிலிப்பாயில். வீட்டுக்கு வீடு தோட்டம் செய்விக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு வந்த வேகத்தில் விதை வரவில்லை. கடைகளில் இருந்த பைக்கற் விதைகளின் விலையைப் பார்த்துவிட்டுப் பெண்கள் திரும்பப் போனார்கள். கையில் கிடைத்ததை வைத்து நானே ஒரு விதைப் பொதி தயாரிக்க வேண்டியிருந்தது.

இனம் தெரிவு செய்வதில் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்றே சொல்லலாம். தோட்டக்காரருக்கு ஒரே நாளில் மூட்டை மூட்டையாகக் காய்க்கிற கத்தரி வேண்டும். வீட்டிலே இருக்கிறவவுக்குக் கிழமைக்கு நாலு காய் வீதம் மாதக்கணக்காகக் காய்க்கிற கத்தரி வேண்டும். அதனால் பழைய ஊதாக் கத்தரியை எடுத்தேன். வத்தகப்பழத்தில் ஒருமுறை சூடு கண்டிருந்தேன். நீட்டுப் பெரிய இனத்தைக் கொடுத்து, ஒரு வீட்டில் ஒரே கிழமையில் ஏழு பழம் பழுத்து, மின்வெட்டு நாளில் வைக்க இடமில்லாமல் பாதி ஆட்டுக்குப் போனது. இந்த முறை ஒரு குடும்பம் ஒரு நேரத்தில் வெட்டித் தின்று முடிக்கிற சின்ன உருண்டை இனம். அதோடு பயித்தை, வெண்டி. பிறகு சீனியாவும் செவ்வந்தியும். சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்தில் பூ விதை எதற்கு என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். பூ இருந்தால்தான் தேனீ வரும், தேனீ வந்தால்தான் வத்தகைக்குப் பிஞ்சு பிடிக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தேனீ எதையெல்லாம் எங்கே கொண்டுபோகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

சுரை விதைதான் எங்கேயும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்கு முன்னால், ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டக்காரருக்கு நாலைந்து தறை காணி இருந்தது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பச்சை மெழுகு பூசின மாதிரி நீளமான சுரைக்காய் அவருடையது. பல தடவை வாங்கிச் சமைத்திருக்கிறேன். வாயில் கரையும். அவர் விதைக்கு விட்டிருந்த ஆறு காயிலும் தனக்கு ஒரு பிடி விதை எடுத்துக்கொண்டு மிச்சம் முழுவதையும் எனக்கே தந்தார். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்பது முளைத்தது. அதோடு என் மனம் நிறைந்துவிட்டது. வேறு ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டுப் பைக்கற். ஒரு சனிக்கிழமை பொதுமண்டபத்தில் வைத்துக் கொடுத்தேன். பத்மினி அக்கா என்று ஒருவர், தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பைக்கற்றை வாங்கிக்கொண்டே தனக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்றார்.

"சுரைக்காய் சீனிக்கு நல்லம் அக்கா. வடிவாய்ச் சாப்பிடுங்கோ," என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது.

"மிஸ், நான் பத்மினியின்ரை மகள் கதைக்கிறன். அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு. சத்தி எடுக்கிறா, வயித்தாலையும் போகுது. இப்ப சத்தியிலை ரத்தம் கிடக்கு. ஆஸ்பத்திரியிலைதான் நிக்கிறம்."

"என்ன சாப்பிட்டவ?"

"சாப்பிடேல்லை மிஸ். வெறும் வயித்திலை சுரைக்காய் அடிச்சு ஒரு கப் குடிச்சவ. நீங்கள் தந்த விதையிலை வந்த முதல் காய். டொக்டர் அந்தக் காயைக் கொண்டுவரச் சொல்லுறார். எனக்கு இஞ்சையாலை போகேலாது."

நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சைக்கிள்தான். பக்கத்து வீட்டு ஆள் திறப்பை வைத்திருந்தார், கதவைத் திறந்துவிட்டார். குசினி மேசையில் பாதிக்காய் கிடந்தது. தோலிலோ சதையிலோ ஒரு குறையும் இல்லை. கத்தி நுனியால் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். வைத்த உடனேயே துப்பினேன். வேப்பங்காய்க் கசப்பு வேறு. இது நாக்கைப் பிடித்து இழுத்துத் தொண்டைக்குள் கட்டிக்கொண்டு நிற்கிற கசப்பு. மூன்று முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை. பேய்ச்சுரைக் கசப்பு, நஞ்சின் கசப்பு. அதைப் பற்றிப் படித்திருந்தேன். வாயில் வைத்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் பத்மினி அக்கா சேலைன் ஏறக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உதடு வெளிறியிருந்தது. என்னைக் கண்டதும் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கசந்ததுதான் பிள்ளை. கசப்பெண்டால் சீனிக்கு நல்லம்தானே எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சன்."

டொக்டர் காயை வாங்கிப் பார்த்தார். "பிறெஷர் நல்லாய் இறங்கியிருக்கு. ரெண்டு நாள் போனால்தான் ஏதும் சொல்லலாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உந்த விதையை வேறை ஆருக்கும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

விறாந்தையில் இருந்த வாங்கில் போய் இருந்தேன். அண்ணையின் தறையைச் சுற்றி ஒரு பேய்ச்சுரைக் கொடியும் கிடையாது. அந்தப் பக்கத்து வேலி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எங்கேயிருந்து வந்தது? வேலி வேலியாக மனத்துக்குள்ளே நடந்துபோனேன். அவருடைய படலை, பக்கத்து வளவு, கிணற்றடி. ஒழுங்கையைத் தாண்டினேன். என் சொந்தக் கேற்றுக்கு முன்னால் வந்து நின்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தி பூ விதைகளும் கொடி விதைகளும் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது இடை சிறுத்த, கைக்குள் அடங்குகிற அழகுச் சுரை. கேற்றுக்கு மேல் கம்பி வளைத்துப் படர விட்டிருந்தேன். பின்னேரத்தில் வெள்ளைப் பூ விரியும். ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சாப்பிடுகிற காய் இல்லை என்பது எனக்குத் தெரியும். கசக்கும் என்பதும் தெரியும். அழகுக்குத்தானே என்று விட்டிருந்தேன்.

சுரையில் இது எப்படி நடக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். கசக்கிற இனத்தின் மகரந்தம் நல்ல சுரைப்பூவில் விழுந்தால் அந்தக் காய் கசக்காது. தாய்க்கொடியில் எப்போதும் போல நல்ல காய்தான் வரும். சமைத்துச் சாப்பிடலாம். கசப்பு விதைக்குள் போய் இருந்துவிடும். அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் வெளியே வரும். அண்ணையின் காயில் ஒரு பிழையும் இருக்கவில்லை. என் கேற்றுக்கும் அவருடைய சுரைப் பந்தலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை மட்டும்தான்.

நான் அப்படியே இருந்தபோது மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், உந்த விதை எங்கை எடுத்தனீங்கள்?"

"சண்டிலிப்பாயிலை ஒரு தோட்டக்காரரிட்டை," என்றேன்.

பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. "முதலிலை மற்ற வீடுகளைப் பாப்பம், பிறகு சொல்லுவம்," என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிசன். பயந்த மனிசன்.

"மிஸ், பதறாதேங்கோ. காயை ஆய்வுக்கு அனுப்புவம். அறிக்கை வரட்டும். இப்ப போய்ச் சொன்னால் சனம் சுரையை மட்டும் பிடுங்காது. கத்தரி, பயித்தை எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சு போடும். இந்தக் காலத்திலை அதையும் யோசிக்க வேணும்."

"அறிக்கை வர எத்தினை நாள் செல்லும், சேர்?"

"ஒரு கிழமையாவது செல்லும்."

"எல்லா வீட்டிலையும் ஒரே நாளிலைதான் விதை போட்டவை. இந்தக் கிழமை எல்லாருக்கும் காய் வெட்டுற பருவம்."

"அப்ப நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ," என்றார். செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, செய்யாதேயுங்கள் என்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கும் பெரும்பாலும் இந்த மாதிரிப் பதில்தான் கிடைக்கும். பிறகு முடிவு உங்களுடையது.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பயம் காட்டினால் தோட்டமே போய்விடும். பயம் காட்டாவிட்டால் ஆளே போய்விடலாம். ஆஸ்பத்திரி ரசீதின் பின்பக்கத்தில் நாலு வசனம் எழுதினேன். "சுரைக்காய் சமைக்க முதல் பச்சையாய் ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கிலை வைச்சுப் பாருங்கோ. கசந்தால் உடனை துப்புங்கோ, சமைக்காதேங்கோ, அந்தக் கொடியைப் பிடுங்குங்கோ. கசக்காட்டில் பயமில்லை, சாப்பிடலாம். மற்ற மரக்கறி ஒண்டையும் பிடுங்காதேங்கோ, அதுகளிலை பிழையில்லை." இந்த நாலு வசனத்தையும் ஒரு சொல் மாற்றாமல் எல்லோருக்கும் வாசித்தேன். பதற்றத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னால் பின்னேரத்துக்குள் ஊரில் பத்துக் கதை உலாவும்.

போன் எடுக்காத வீடுகளுக்குச் சைக்கிளில் போனேன். ஒரு வீட்டில், "ஓம் மிஸ், போன கிழமை கசந்தது, மாட்டுக்குப் போட்டிட்டம்," என்றார்கள். இன்னொரு வீட்டில், "நாங்கள் ரெண்டு காய் திண்டிட்டம், நல்ல ருசி," என்றார்கள். ஒரு அம்மா அடுப்பில் இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னாலேயே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே குப்பைக் கிடங்கில் கொட்டினார். கறி இறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால்? அதற்குப் பிறகு போன ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அந்தப் பத்து நிமிடம்தான் என் தலைக்குள் ஓடியது.

இருட்டுப்பட முதல் நாற்பத்துநாலு வீடு முடிந்தது. பட்டியலில் அவ்வளவு பெயர்தான் இருந்தது. கொடுத்த பைக்கற்றோ நாற்பத்தெட்டு. அன்று மண்டபத்தைப் பூட்டுகிற நேரத்தில் வந்தவர்களுக்குப் பெயர் எழுதாமல் கையில் கொடுத்தனுப்பினேன். என்ன, சுரை விதைதானே!

மறுநாள் காலை. பத்மினி அக்காவுக்கு இரவும் சத்தி நிற்கவில்லை என்று மகள் போனில் சொன்னாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கேற்றைத் திறந்தேன். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அண்ணை நின்றார். அவருடைய பந்தல் வெறுமையாக இருந்தது. சுரைக்கொடி முழுவதும் வேரோடு பிடுங்கித் தறை ஓரத்தில் குவித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் பம்ப் இறைக்க முடியாமல் அந்த முறை பிந்தித்தான் விதைத்தவர். எங்களுக்குத் தந்த அதே விதை. அப்போதுதான் பூத்துப் பிஞ்சு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

"நீர்வேலியிலை என்ரை மருமகள் இருக்கிறா. ராத்திரிப் போன் எடுத்துச் சொன்னவ. சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒருத்தர் குடுத்த விதையாலை ஒரு மனிசி ரத்தமாய்ச் சத்தி எடுக்குதாம் எண்டு. அது என்ரை விதைதானே." அவர் என்னைப் பார்க்காமல் குவியலையே பார்த்தார். "விடியப் பிடுங்கிப் போட்டன். இனி என்னட்டை ஆர் காய் வாங்குவினம்? என்ரை அப்பர் காலத்து விதை. என்ன பிழை விட்டனெண்டு எனக்குத் தெரியேல்லை தங்கச்சி."

நான் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். தலைக்கு மேலே கேற்றுக் கம்பியில் அந்தச் சின்னக் காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணை, பிழை உங்கடை இல்லை. இது," என்று கையை உயர்த்திக் காட்டினேன். "என்ரை கேற்றிலை நிக்கிற இதாலைதான் வந்தது. இதின்ரை மகரந்தம் உங்கடை பூவிலை விழுந்திருக்கு. உங்கடை பந்தலிலை எல்லாக் கொடியும் பழுதாய் இருந்திராது. ஒவ்வொரு பிஞ்சாய் நாக்கிலை வைச்சுப் பாத்திருக்கலாம்."

அவர் கேற்றை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் குவியலைப் பார்த்தார்.

"உமக்கு எப்பத் தெரியும்?"

"நேற்று மத்தியானம்."

"நேற்று இருட்டுப்படேக்கை உம்மை நான் கண்டனான். சைக்கிளிலை வந்து இறங்கினனீர். கையைக் காட்டினனான்."

"ஓம் அண்ணை."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். நான் கதிரை வைத்து ஏறி என் கொடியை அறுத்து இழுத்துப் போட்டேன். அவருக்கு அதனால் ஒரு கொடியும் திரும்பி வராது என்று தெரிந்துகொண்டேதான் அறுத்தேன்.

பிள்ளைகளே, ஒரு இரவு. ஒரு இரவுதான் நான் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு இரவின் விலையை அவர்தான் கொடுத்தார். மற்றவர்களின் உயிருக்காகத்தான் ஓடித் திரிகிறோம் என்ற நினைப்பு, நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறதை எங்களுக்கே தெரியாமல் பண்ணிவிடும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் மகளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அம்மா எழும்பட்டும் மிஸ். அதுக்குப் பிறகு உங்களோடை கோவிக்கிறதோ இல்லையோ எண்டு பாப்பம்," என்றாள். மேலதிகாரிக்கும் எழுத்தில் கொடுத்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன், அது ஒரு பக்கம். அன்று பின்னேரத்துக்குள் பெயர் எழுதாத நாலு பேரில் மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒருவர் மண்டபத்துக்கு எதிர்வீடு, மற்ற இருவரும் வாழைத்தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள்.

நாலாவது ஆள் யார் என்று நினைவே வரவில்லை. ஒரு பெண். கையில் ஒரு உரப்பை. அவ கேட்ட ஒரு கேள்வி மட்டும் திடீரென்று நினைவுக்கு வந்தது. "எங்கடை கிணத்துத் தண்ணி உவர். உதிலை சுரை வருமோ?" உவர்த் தண்ணியென்றால் கரையோரம். உரப்பையில் இருந்து வந்தது கருவாட்டு மணம். நீர்வேலியில் வீடு வீடாகப் போய், "கருவாடு கொண்டு வாற அக்கா எந்தக் கிழமை வருவா?" என்று கேட்டேன். பஸ் ஒழுங்காக ஓடாதபடியால் ஒரு மாதமாக அவ வரவில்லை என்றார்கள். பெயர் தவமணி. வடக்குக் கரையில் இன்ன ஊர். போன் நம்பர் ஒருவரிடமும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மகள் போன் எடுத்தாள். "அம்மா கஞ்சி குடிச்சவ மிஸ். சத்தி நிண்டிட்டுது." ஆனால் அந்த நிம்மதி ஐந்து நிமிடம்தான் இருந்தது. தவமணி வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் போகிற பஸ் பத்தரைக்குத்தான் வந்தது. படியில் தொங்காத குறையாக நின்று போனேன். கடற்கரை ஒழுங்கையில் விசாரித்துப் போக, மூன்றாவது வளைவில் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டி அதில் சுரைக்கொடி படர விட்டிருந்த வீடு தெரிந்தது. ஐந்தாறு காய் தொங்கியது. ஒரு காய் அறுத்த காம்பில் இன்னும் சாறு காயவில்லை.

நான் கூப்பிடவில்லை. கத்தினேன்.

"சுரைக்காய் சமைச்சிட்டியளோ?"

தவமணி சேலைத் தலைப்பில் கை துடைத்தபடி வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம், இப்பதான் இறக்கினனான். ஏன் மிஸ்?"

"ஆரும் சாப்பிட்டவையோ?"

"இல்லை. பிள்ளையள் ரெண்டு மணிக்குத்தான் பள்ளிக்கூடத்தாலை வருங்கள்."

திண்டாடித் திண்டாடி விசயத்தைச் சொன்னேன். பத்மினி அக்காவை, கேற்றை, எல்லாவற்றையும். குசினிக்குள் போனோம். வெட்டி மிஞ்சின பச்சைத் துண்டு சுளகில் இருந்தது. கை நடுங்க அதை எடுத்து நுனி நாக்கில் வைத்தேன். பொறுத்தேன். இன்னொரு துண்டைக் கடித்தேன். தண்ணீர்ச் சத்தான, இலேசான இனிப்பு. அண்ணையின் பழைய சுரை.

"கசக்கேல்லை," என்றேன். "இது நல்ல கொடி. ஒரு கொடியிலை ஒரு காய் நல்லதெண்டால் எல்லாம் நல்லம். பயமில்லாமல் சாப்பிடலாம்."

தவமணி சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ், சொல்லுறனெண்டு கோவியாதேங்கோ. உங்கடை கை இன்னும் நடுங்குது. பயமில்லை எண்டுறியள். நான் எப்பிடி என்ரை பிள்ளையளுக்குப் போடுறது?"

இனி அறிக்கை, ஆய்வு, இருபத்தொன்பது வருட சேவை எதைச் சொன்னாலும் அந்தக் குசினியில் எடுபடாது.

"போடுங்கோ," என்றேன். "எனக்குப் போடுங்கோ."

அவள் கோப்பை கழுவிச் சோறு போட்டாள். பால் விட்டுச் சமைத்த வெள்ளைக் கறி. மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து வாசலில் இருந்தோம். காயில் பிழை இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும் என்று சொன்னேன். அவள் வலையில் நின்ற கொடியைப் பற்றிக் கதைத்தாள். அரிசி கழுவின தண்ணியும் குழாயில் பிடித்த நல்ல தண்ணியும் விட்டு வளர்த்ததாம். எந்நேரமும் கண் என் முகத்தில்தான் இருந்தது. நான் எச்சில் விழுங்கினாலும் கவனித்தாள். எனக்கும் வயிற்றுக்குள் ஒவ்வொரு சத்தமும் கேட்டது.

ஒன்றே முக்காலுக்கு எழும்பினாள். பிள்ளைகளின் கோப்பைகளை எடுப்பாள் என்று நினைத்தேன். ஒரு கோப்பையை மட்டும் எடுத்து, தனக்குச் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அதுகளுக்கு முதல் நான்," என்றாள்.

பிசைந்து முதல் வாயை வைத்தாள். அவள் அதை மென்று விழுங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.